2 வயது 3 மாதக் குழந்தை: டயப்பரை விடத் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மகிழினி_அம்மா

வணக்கம். மகளுக்கு 2 வயது 3 மாதம். டயப்பரை நிறுத்தி டாய்லெட் பழக்க ஆரம்பிக்கலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா என்று முடிவெடுக்க முடியவில்லை. இப்போதைய நிலை:

கக்கா வரும்போது சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். கிட்டே போனால் "போ" என்கிறாள். முடித்த பிறகுதான் வந்து சொல்வாள். உச்சா போனதைச் சொல்வதே இல்லை. பகல் தூக்கம் முடிந்து எழும்போது டயப்பர் சில நாள் காய்ந்திருக்கும், சில நாள் இருக்காது. ஜட்டியை இறக்கத் தெரியும், ஏற்ற வராது. கக்கா இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறாள், கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும். எதைச் சொன்னாலும் "மாட்டேன்" என்கிற பருவம் வேறு. அடுத்த மாதம் புதிய காப்பகத்தில் சேர்க்கப் போகிறோம்.

தயார்நிலைக்கான அறிகுறிகள் என்று ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் தருகிறார்கள். எல்லா அறிகுறியும் வந்த பிறகுதான் தொடங்க வேண்டுமா? இவற்றில் எது முக்கியம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை?

---

தளிர்நடை (குழந்தைகள் பிரிவுச் செவிலியர்)

வணக்கம் தோழி. அந்தப் பட்டியல்களில் இரண்டு வகைச் சங்கதிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதல் வகை, உடம்பு தானாக முதிர்ந்து வர வேண்டியவை. சிறுநீர்ப்பை ஓரளவு நேரம் தேக்கி வைத்து, பிறகு மொத்தமாகக் காலி செய்ய வேண்டும். வரப்போகிறது என்ற உணர்வு மூளைக்கு எட்ட வேண்டும். இதை யாரும் சொல்லிக் கொடுத்து வரவழைக்க முடியாது. இரண்டாம் வகை, கற்றுக்கொடுத்தால் வருபவை: ஜட்டியை ஏற்றி இறக்குவது, பாட்டி சேரில் (potty, குழந்தைகள் உட்கார்ந்து மலசலம் கழிக்கும் சிறிய இருக்கை) உட்காருவது, உச்சா கக்கா என்று சொல்வது, கை கழுவுவது. இவை தானாக வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளே இல்லை. ஒன்றரை வயதிலிருந்தே விளையாட்டுப் போலச் சொல்லிக் கொடுக்கலாம்.

உங்கள் மகளிடம் முதல் வகையில் ஒரு நல்ல அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. சோபாவுக்குப் பின்னால் ஒளிகிறாள் என்றால், கக்கா வெளியே வருவதற்கு முன்பே அந்த உணர்வு அவளுக்குத் தெரிகிறது. இடம் தேடிப் போகும் வரை அடக்கவும் முடிகிறது. முடிந்த பிறகு வந்து சொல்வதைவிட இது பெரிய விஷயம். பொதுவாக மலத்தின் மேல் கட்டுப்பாடு முதலில் வரும், பகல் சிறுநீர் அடுத்து, இரவுச் சிறுநீர் கடைசியில். அதனால் உச்சாவைச் சொல்லாதது இந்த வயதில் குறை ஆகாது.

சிறுநீர்ப்பையை மட்டும் ஊகிக்காமல் அளந்து பாருங்கள். இன்றைய டயப்பர்கள் ஈரத்தை உடனே உள்ளிழுத்து ஜெல்லாக்கிவிடும். தொட்டுப் பார்த்தால் நமக்கும் தெரியாது, குழந்தைக்கும் உறைக்காது. அதனால் தடித்த சமையலறைத் தாள் ஒன்றை மடித்து டயப்பருக்குள் வையுங்கள். மூன்று நாள், விழித்திருக்கும் நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை பார்த்து, நேரத்தையும் ஈரமா காய்ந்ததா என்பதையும் எழுதுங்கள். நனைந்ததும் தாளை மாற்றிவிட வேண்டும். கக்கா போன நேரத்தையும் குடித்த அளவையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் ஒன்றரை மணி முதல் 2 மணி வரை காய்ந்திருந்து, பிறகு தாள் சொட்டச் சொட்ட நனைந்தால் சிறுநீர்ப்பை தேக்கக் கற்றுக்கொண்டுவிட்டது, தொடங்கலாம். அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நனைந்துகொண்டே இருந்தால் இரண்டில் ஒன்று: இன்னும் முதிரவில்லை, அல்லது மலச்சிக்கல் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. நீங்கள் சொல்லும் கெட்டி மலம் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அதை முதலில் கவனியுங்கள்.

பகல் தூக்கத்தில் சில நாள் காய்ந்திருப்பது நல்ல துணைச் சான்று. தினமும் அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

---

அருவி

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். அவ்வளவு ஆராய்ச்சியெல்லாம் வேண்டாங்க, 27 மாசம் ஆயிடுச்சு, தாராளமா ஆரம்பிக்கலாம். டயப்பரைக் கழட்டி வெச்சுட்டு மூணு நாள் எங்கேயும் வெளிய போகாம வீட்டுலயே இருங்க. இடுப்புக்குக் கீழ துணி வேண்டாம். பாட்டி சேர் எப்பவும் குழந்தை கண்ணுல படற மாதிரி, பத்தடிக்குள்ள இருக்கணும். வர்ற மாதிரி தெரிஞ்சா (திடீர்னு விளையாட்டை நிறுத்துறது, தொடையை இறுக்கிக்கிறது, கீழ குனிஞ்சு பார்க்கிறது) கூட்டிட்டுப் போய் உக்கார வைங்க. பாதி வழியில வந்துட்டாலும் மிச்சம் சேர்ல விழட்டும். அந்த ஒரு சொட்டு சேர்ல விழுந்தாக்கூட, எங்க போகணும்னு குழந்தைக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.

மூணு நாளும் பெரியவங்க ஒருத்தர் வேற வேலையே இல்லாம குழந்தை மேலயே கண்ணா இருக்கணும். அது முடியலைன்னா இந்த முறையைத் தொடவே தொடாதீங்க. ஃபோனைப் பார்த்துக்கிட்டே செஞ்சா தரையைத் துடைக்கிற வேலை மட்டும்தான் மிஞ்சும்.

நாலாவது நாள் தளர்வான கால்சட்டை மட்டும், உள்ள ஜட்டி வேண்டாம். இறுக்கமா ஜட்டி போட்டா டயப்பர் போட்ட மாதிரியே இருக்குன்னு பழைய பழக்கம் திரும்பிடும். வாரம் ரெண்டு போகட்டும், அப்புறம் ஜட்டி.

---

தளிர்நடை

அருவி சொல்வது தயாராக இருக்கும் குழந்தைக்கு நன்றாக வேலை செய்யும் முறைதான். "வேறு வேலை கூடாது" என்று அவர் சொன்னதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஆனால் கெட்டி மலம் போகும் குழந்தைக்கு இப்போது அதைச் செய்யாதீர்கள். டயப்பரை திடீரென்று பிடுங்கினால் உச்சாவை விட்டுவிடும், கக்காவை அடக்கிக்கொள்ளும். அடக்கத் தொடங்கிவிட்டால் அதை மாற்ற மாதக்கணக்கில் ஆகும்.

வயதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2003இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பழக்கும் காலம் நீண்டதாகவும், 27 மாதத்துக்கு முன்பு தீவிரமாகப் பழக்கத் தொடங்கியவர்கள் அதனால் முன்னதாக முடித்துவிடவில்லை என்றும் கண்டது. எனவே இதுவரை தொடங்காததால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. அதற்காக மூன்றரை, நான்கு என்று தள்ளிப்போடுவதும் சரியில்லை. டயப்பரிலேயே போவது ஊறிப்போன பழக்கமாகிவிடும்.

---

மருதம் (குழந்தைகள் குடல், சிறுநீர்ப்பைப் பிரச்சினைகளைப் பார்ப்பவர்)

தளிர்நடை கோடிட்ட இடத்தை விரித்துச் சொல்கிறேன். பழக்கம் தோற்றுப்போகும் குழந்தைகளில் மிகுதியாகப் பார்ப்பது இதைத்தான்.

ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்தால், அடுத்த முறை உணர்வு வரும்போது குழந்தை அடக்கும். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது இன்னும் பெரிதாக, இன்னும் கெட்டியாக ஆகும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். இது நீடித்தால் மலக்குடல் விரிந்து, நிரம்பியிருக்கும் உணர்வே மங்கிவிடும். முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பைக்கு இடம் குறைந்து, உச்சாவும் அடிக்கடி சொட்டும். சில குழந்தைகளுக்கு அடைத்த மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீராகக் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி, மலம் இறுகுவதற்கான வைத்தியம் செய்துவிடுவார்கள். நிலைமை இன்னும் மோசமாகும்.

சோபாவுக்குப் பின்னால் போய் நிற்கும்போது மகளின் உடம்பை உற்றுப் பாருங்கள். லேசாகக் குந்தியோ முன்னால் சாய்ந்தோ முக்கினால் அவள் வெளியேற்றுகிறாள். நுனிக்காலில் நின்று, கால்களை விறைத்து, பின்னி, பிட்டத்தை இறுக்கி, முகம் சிவக்க நின்றால் அவள் முக்கவில்லை. உள்ளே இழுத்து அடக்குகிறாள். "முக்குகிறாள், ஆனால் வரவில்லை" என்று பெற்றோர் சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டாவதுதான். இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர்மாறு.

மலம் எப்படி இருக்க வேண்டும்? வழவழப்பாக, மென்மையாக, நீளவாக்கில். மேலே லேசான வெடிப்பு இருந்தால் பரவாயில்லை. உருண்டை உருண்டையாகவோ, உருண்டைகள் ஒட்டிய கட்டியாகவோ வந்தால் மலச்சிக்கல். தினமும் போனாலும் அப்படி வந்தால் அது மலச்சிக்கல்தான்.

முதலில் குடிப்பதைப் பாருங்கள். இந்த வயதுக்குப் பால் உட்பட நாளுக்கு ஏறக்குறைய 900 மி.லி. முதல் 1 லிட்டர் வரை பானம் உள்ளே போக வேண்டும். அதில் பால் 500 மி.லி.யைத் தாண்டினால் குறையுங்கள். பால் வயிற்றை நிரப்பி, நார்ச்சத்துள்ள உணவைத் தள்ளிவிடும். பழம், காய்கறி, பருப்பு, முழுத்தானியம் ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் இருக்கட்டும். ஏற்கெனவே அடக்கும் பழக்கம் வந்திருந்தால் உணவு மட்டும் போதாது. குழந்தை மருத்துவரைப் பார்த்து மலமிளக்கி தேவையா என்று கேளுங்கள். பாலிஎதிலீன் கிளைக்கால், லாக்டுலோஸ் போன்றவை மலத்தில் நீரைத் தக்கவைத்து மென்மையாக்குபவை. அளவை மருத்துவர்தான் எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவதுதான் நடக்கும் பெரிய தவறு. விரிந்த மலக்குடல் பழையபடி சுருங்கவும், வலியின் பயம் மறக்கவும் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் வேண்டும். வீட்டில் எனிமா கொடுக்க வேண்டாம். ஆசனவாயில் எதையும் நுழைத்துப் போக வைக்கவும் வேண்டாம். பயம் இரட்டிப்பாகும்.

மலம் மென்மையாக, அழுகையில்லாமல், சில வாரம் தொடர்ந்து போகட்டும். அதன் பிறகு கக்காவைச் சேரில் கேட்கலாம். அதுவரை சேரில் உட்காரப் பழகுவதற்கும் உச்சாவுக்கும் தடையில்லை.

பழக்கத்தை ஒத்திவைத்து உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை: உச்சா போகும்போது அழுவது, காய்ச்சலோடு அடிக்கடி போவது, மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், இரண்டு உச்சாவுக்கு நடுவிலும் நிற்காமல் சொட்டிக்கொண்டே இருப்பது, ஆண் குழந்தைக்குச் சிறுநீர் பீய்ச்சாமல் மெலிதாகச் சொட்டுவது, முதுகுத்தண்டின் அடியில் ஆழமான குழியோ மயிர்க்கொத்தோ இருப்பது, கால்களில் பலக்குறைவு. திடீரென்று அளவில்லாத தாகம் எடுத்து, அளவுக்கு மீறி உச்சா போய், எடையும் இறங்கினால் அன்றைக்கே காட்ட வேண்டும்; நீரிழிவு குழந்தைகளுக்கு அப்படித்தான் தலைகாட்டும்.

---

செங்காந்தள்

பாட்டி சேரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். படத்தையும் நிறத்தையும் பார்த்து வாங்காதீர்கள். குழந்தை நிற்கும்போது தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளவெடுங்கள். சேரின் உயரம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே நிற்கும். தொடை விரிந்து, உடம்பு முன்னால் சாய்ந்து, முழங்கை தொடையில் ஊன்றினால் இடுப்பின் அடித்தசைகள் தளர்ந்து மலம் எளிதாக இறங்கும். கால் அந்தரத்தில் தொங்கினால் விழுந்துவிடாமல் இருக்கவே குழந்தை தசையை இறுக்கும். இறுக்கிய தசையோடு எப்படிப் போகும்?

பெரியவர்களின் டாய்லெட்டில் உட்கார வைப்பதானால் உள்வளையமும் ஆடாத கால்மணையும் இரண்டுமே கட்டாயம். வளையத்தை மட்டும் வாங்கிவிட்டு மணையை விட்டுவிடுகிறார்கள். குந்தும் கழிப்பறையில் கால் ஊன்றும் பிரச்சினை இல்லை. ஆனால் பள்ளத்தின் அகலமும் வழுக்கலும் பயமுறுத்தும் என்பதால் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபிளஷ் சத்தத்துக்கு அஞ்சும் குழந்தைகள் உண்டு. அவள் வெளியே போன பிறகு ஃபிளஷ் செய்யுங்கள். டயப்பரில் போன கக்காவை அவள் கண்ணெதிரே டாய்லெட்டில் கொட்டி, பயமில்லாவிட்டால் அவளையே பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அது போய்ச் சேரும் இடம் எது என்று வாயால் விளக்குவதைவிட இது சீக்கிரம் புரியும்.

---

மகிழினி_அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. மருதம் சொன்ன பிறகு கவனித்துப் பார்த்தேன், நுனிக்காலில் விறைத்துத்தான் நிற்கிறாள். மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். இந்த இடைப்பட்ட காலத்தில் வீட்டில் என்னென்ன பழக்கலாம்? "மாட்டேன்" என்பதை எப்படிச் சமாளிப்பது? காப்பகம் மாறும்வரை தள்ளிப்போட வேண்டுமா?

---

தளிர்நடை

நல்லது. காப்பகம் மாறுவது, வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது, காய்ச்சலில் கிடப்பது, இந்த நேரங்களில் டயப்பரை நிறுத்தாதீர்கள். புது இடத்தில் சேர்த்து, அழுகை அடங்கி, தூக்கமும் சாப்பாடும் சீரான பிறகு தொடங்குங்கள். உங்கள் மகளின் மலம் சீராகவும் ஏறக்குறைய அதே காலம் ஆகும், எனவே இந்தக் காத்திருப்பில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அதுவரை இரண்டாம் வகையைக் கற்றுக்கொடுங்கள். டயப்பரைப் படுக்க வைத்து மாற்றாமல், குளியலறையிலேயே நிற்க வைத்து மாற்றுங்கள். "உச்சா வந்திருக்கு, ஈரமா இருக்கு" என்று முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். "சீ, நாத்தம்" என்ற சொல் வீட்டில் யார் வாயிலிருந்தும் வர வேண்டாம். தன் உடம்பிலிருந்து வருவது அசிங்கம் என்று எடுத்துக்கொள்ளும் குழந்தை இன்னும் ஒளிந்துகொண்டுதான் போகும்.

ஜட்டியை ஏற்றப் பழக்குவதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் இடுப்புக்கு ஒரு விரல்கடை கீழே வரை ஏற்றிவிட்டு, மிச்சத்தை அவளை இழுக்கச் சொல்லுங்கள். அது வந்ததும் தொடை வரை, பிறகு முழங்கால் வரை என்று உங்கள் பங்கைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தது அவளாக இருப்பதால் சலிக்காது. பெரும்பாலும் பிட்டத்தில்தான் துணி மாட்டிக்கொள்ளும்: இரண்டு கையும் முன்னால் இருந்தால் வரவே வராது. ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால் என்று கையைப் பிடித்து வைத்துக் காட்டுங்கள். பொத்தான், பெல்ட், ஒரே துண்டாகத் தைத்த உடை எதுவும் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். தளர்ந்த எலாஸ்டிக் போதும்.

சேரில் உட்காருவது: சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையும் நேரம் அது. உச்சாவுக்கு 2, 3 நிமிடம், கக்காவுக்கு அதிகபட்சம் 5 நிமிடம். சோப்புக் குமிழி ஊதச் சொன்னால் வயிறு தானாக அழுந்தி அடித்தசை தளரும். வரவில்லை என்றால் "சரி, எழுந்துக்கலாம்", அவ்வளவுதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டிப் போய் உட்கார வைக்கும் பழக்கம் வேண்டாம். சிறுநீர்ப்பை நிரம்புவதற்கு முன்பே காலியாகிக்கொண்டிருந்தால், நிரம்பிய உணர்வு எப்படியிருக்கும் என்றே அதற்குத் தெரியாமல் போகும். நீங்கள் எழுதிய மூன்று நாள் குறிப்பில் அவளுடைய இடைவெளி 1 மணி 45 நிமிடம் என்று வந்தால், ஒன்றரை மணி வாக்கில் கூப்பிடுங்கள்.

"மாட்டேன்" பருவத்தில் "உச்சா வருதா?" என்று கேட்டால் பதில் தெரிந்ததுதானே. கேள்வியாகக் கேட்காதீர்கள். "இப்போ சேர் நேரம். கரடி பொம்மையை எடுத்துட்டு வர்றியா, புத்தகமா?" என்று தேர்வை வேறிடத்தில் கொடுங்கள். உடம்பை இறுக்கி அழுதால் அந்த முறையை விட்டுவிடுங்கள், பிடித்து உட்கார வைக்காதீர்கள். பாராட்டு, விழுந்த உச்சாவுக்கு மட்டும் போகாமல், வந்து சொன்னதற்கும், உட்கார்ந்ததற்கும், ஜட்டியை ஏற்றியதற்கும் போகட்டும். நனைத்துவிட்டால் "உச்சா சேர்ல போகும்" என்ற ஒரு வரி, உடனே உடை மாற்றம். நீண்ட விளக்கமும் தண்டனையும் வேண்டாம்.

தொடங்கிய பிறகு ஒரு வாரம், பத்து நாள் போயும் தினம் சண்டையாகவே இருந்தாலோ, கக்காவை அடக்கத் தொடங்கினாலோ, டயப்பருக்குத் திரும்பி ஒன்று முதல் மூன்று மாதம் இடைவெளி விடுங்கள்.

---

மருதம்

சேரில் உச்சா போய், கக்காவுக்கு மட்டும் டயப்பர் கேட்கும் குழந்தைகள் நிறைய உண்டு. கேட்டால் கொடுத்துவிடுங்கள். மறுத்தால் அடக்கும். ஆனால் இடத்தை நகர்த்துங்கள்: முதலில் டயப்பரோடு குளியலறைக்குள் நின்று போகட்டும். அது பழகியதும் டயப்பரோடு சேரில் உட்கார்ந்து. பிறகு டயப்பரின் ஒட்டைத் தளர்த்தி. பிறகு டயப்பரைச் சேரின் குழிக்குள் விரித்து அதன்மேல் உட்கார்ந்து. பிறகு டயப்பர் இல்லாமல். ஒவ்வொரு படியிலும் பதற்றமில்லாமல் சில நாள் போன பிறகுதான் அடுத்த படி. அவள் சோபாவுக்குப் பின்னால் ஒளிவதை மதித்து, சேரைச் சுற்றிலும் ஒரு மறைப்பு வைத்தாலே சில குழந்தைகள் இணங்கிவிடும்.

துடைப்பதும் கழுவுவதும் பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னோக்கி. மலக் கிருமிகள் சிறுநீர்த் துவாரத்துக்குப் போகக் கூடாது.

---

அருவி

மருதம் சொன்னதுக்கப்புறம் நானும் ஒத்துக்கறேன், மலம் சரியான பிறகே மூணு நாள் முறையை எடுங்க. காப்பகத்துக்கு ஒண்ணு: வீட்டுல "உச்சா", அங்க வேற வார்த்தைன்னு இருக்கக் கூடாது. நீங்க சொல்ற சொல்லையும், அவ காட்டுற அறிகுறியையும் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க. அங்க உள்ள டாய்லெட்டுல கால்மணை இருக்கான்னு நேர்ல போய்ப் பாருங்க. பையில நாலு செட் கீழுடை, ரெண்டு ஜோடி காலுறை, ஒரு ஈரத்துணிப் பை.

ராத்திரி டயப்பரை இப்போ கழட்டணுமா?

---

தளிர்நடை

வேண்டாம். இரவு வேறு கணக்கு. தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் போதுமான அளவு சுரக்க வேண்டும், சிறுநீர்ப்பை நிரம்பினால் மூளை விழிக்கவும் வேண்டும். இரண்டும் பயிற்சியால் வருவதில்லை. 5 வயதில்கூட நூற்றில் 15 குழந்தைகள் அளவில் படுக்கையை நனைப்பார்கள், பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் அப்படி இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். காலையில் டயப்பர் பல வாரம் தொடர்ந்து காய்ந்திருந்தால் கழற்றிப் பாருங்கள். இரவு நனையக் கூடாது என்று பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலம் மறுபடி இறுகிவிடும். பகலில் 4 வயதாகியும் நனைத்துக்கொண்டிருந்தாலோ, ஆறு மாதம் காய்ந்திருந்துவிட்டு மறுபடி நனைக்கத் தொடங்கினாலோ, அப்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.